மாப் ஒன்று குறைகிறது என்று யார் சொல்வது?

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

அரசு மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டரில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் நான். புதுக் கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ கேட்டு இதை எழுதவில்லை. இருக்கிற தியேட்டரில் ஒழுங்கும், அங்கே நிற்பவர்களுக்குத் துணிவும் வேண்டும் என்றே கேட்கிறேன்.

நள்ளிரவில் அவசர சிசேரியன். மயக்க மருத்துவர் தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பை எடுக்கிறார், பல்பு எரியவில்லை. மாற்று பேட்டரி எந்த டிராயரில் என்று டியூட்டி சிஸ்டருக்குத் தெரியவில்லை. வார்டிலிருந்து அந்த வாரம்தான் மாற்றி அனுப்பப்பட்டவள். பக்கத்துத் தியேட்டருக்கு ஓடி வாங்கி வருகிறாள். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள். ஆனால் விடிந்ததும், "தியேட்டருக்கு லாயக்கில்லாத பெண்" என்ற பேச்சு அவளுக்கு மிஞ்சியது. பேட்டரிக்கு நிலையான இடம் வைக்காத நிர்வாகத்தை யாரும் கேட்கவில்லை. இப்படிக் கூனிக் குறுகியவள், வயிற்றை மூடும் நேரத்தில், ரத்தம் ஒற்றும் துணியான மாப் ஒன்று கணக்கில் குறைந்தால், "டாக்டர், தையல் போடாதீர்கள்" என்று உரக்கச் சொல்வாளா?

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புக்கு 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைத் தந்தது. புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களில் அதைச் சோதித்தபோது, இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, பட்டியல் வந்த பிறகும் இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை என்றது. உத்தரவு போட்டால் தாள் நிரம்பிவிடும், பழக்கம் தானாக மாறாது என்பதே நான் இதில் காணும் பாடம். நான் பணியாற்றிய இடத்திலும் அந்தத் தாள், நோயாளி வார்டுக்குப் போன பிறகு மொத்தமாக டிக் அடிக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

கத்தி வைக்கும் முன் ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்கிறது அந்தப் பட்டியல். இதைச் சடங்கென்று தள்ளிவிடக் கூடாது. ஒரு முறை வாய் திறந்து பேசியவருக்குத்தான் ஆபத்து நேரத்தில் மறுபடி வாய் திறக்கும்.

பொருள்களை ஒழுங்குபடுத்தவும் பெரிய நிதி தேவையில்லை. கொழும்பு காசல் வீதி மகளிர் மருத்துவமனை, ஜப்பானியத் தொழிற்சாலைகளின் 5எஸ் முறையைக் கொண்டே தன்னைச் சீரமைத்தது. வேண்டாததை அகற்றுவது, வேண்டியதற்கு இடம் குறிப்பது, அதைத் தினமும் காப்பது என்பதுதான் அதன் சாரம். பின்னர் ஆப்பிரிக்க நாடுகளுக்கே அது முன்மாதிரியானது.

என் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, எல்லாத் தியேட்டரிலும் அவசர டிரேக்கு ஒரே இடம், ஒரே வரிசை. ஒவ்வொரு ஷிப்டிலும் சரிபார்த்துக் கையெழுத்து. இரண்டு, தியேட்டருக்கு வரும் செவிலியருக்கு முறையான பயிற்சி. பயிற்சி பெற்றவரை அடிக்கடி வார்டுக்கு மாற்றக் கூடாது. மூன்று, கணக்கு சரியில்லை என்று யார் சொன்னாலும், அது கடைநிலை உதவியாளரே ஆனாலும், அறுவை சிகிச்சையை நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். சொன்னவர் மீது மெமோ பாயாது என்று எழுத்து மூலம் ஆணை.

முதல் இரண்டையும் மருத்துவமனை நிர்வாகங்களே மனம் வைத்தால் செய்துவிடலாம். மூன்றாவதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும். அதைப் போட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் செவிலியர்