வில்லன் வேஷம் யாருக்கு வேணும்?



போன ஆண்டு விழா நாடகத்துக்கு ஆள் எடுத்த கதை ஞாபகம் இருக்கிறதா? "ஹீரோன்னா வர்றேன், இல்லேன்னா ஆளை விடுங்கப்பா!" என்றார்கள் எல்லோரும். வில்லனுக்கு ஆள் இல்லை. நாடகமே நின்றுபோனது!

அன்று என் நினைவுக்கு வந்தவர் எம்.என்.நம்பியார். 1919-ல் பிறந்தவர். சிறுவயதிலேயே நவாப் ராஜமாணிக்கம் நாடகக் குழுவில் சேர்ந்து, 1935-ல் 'பக்த ராமதாஸ்' மூலம் திரைக்கு வந்தார். 'திகம்பர சாமியார்' (1950) படத்தில் கதாநாயகனாகவும் நடித்தார். ஆனாலும் நிலைத்தது வில்லன் வேஷம்தான். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் (1965) நம்பியார் சவுக்கை வீசும்போது நாம் பதறினோம். அதனால்தானே எம்.ஜி.ஆர். சவுக்கை எடுத்தபோது கொட்டகையே விசிலடித்தது?

அமெரிக்க கௌபாய் படங்களிலும் இதே கதைதான். 'தி வெஸ்டர்னர்' (1940) படத்தின் ஹீரோ கேரி கூப்பர். ஆனால் அந்தப் படத்துக்காக ஆஸ்கார் வாங்கியவர் துணை நடிகர் வால்டர் பிரென்னன். அது அவருக்கு மூன்றாவது ஆஸ்கார்! கௌபாய் நடிகர் ராட் கேமரூன் நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடர்பில் 'தி ஜங்கிள்' (1952) படத்தில் நடித்தார். அதிலும் நம்பியார் உண்டு.

சரி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது! வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு ஒரகடம் கம்பெனிகளில் வேலைக்குப் போகப்போகிறவர்கள் நாம். "டிப்ளமோதானே?" என்று சொந்தக்காரர்களே உதட்டைப் பிதுக்குகிறார்கள். கார் விளம்பரத்தில் ஃபிக்ஸ்சர் செட் பண்ணினவன் முகம் வராது. வராவிட்டால் என்ன? ஃபிக்ஸ்சர் பிசகினால் கார் வெளியே வருமா?

ஆனால் ஒன்று. நம்பியார் பெயர் டைட்டிலில் வந்தது. செய்த வேலைக்குக் கூலியும் மரியாதையும் கிடைத்தது. துணை வேஷம் கேவலமில்லை. வருஷக்கணக்கில் 'ட்ரெய்னி' என்றே வைத்து, நிரந்தரத் தொழிலாளியின் வேலையை வாங்கிக்கொண்டு பாதிச் சம்பளம் கொடுப்பதுதான் கேவலம். அதைக் கேட்கத் துணிச்சல் வேண்டும். வெட்கப்படுகிறவனால் கேட்க முடியாது; தன் வேலையின் மதிப்பு தெரிந்தவனால்தான் முடியும்.

ஐம்பது வருஷத்துக்கும் மேல் நடித்து, 2008-ல் மறைந்த அந்த மனிதரிடம் நாம் கற்க வேண்டியது இதுதான்.

அடுத்த விழாவுக்கு வில்லன் வேஷமா? முதலில் என் பேரை எழுதிக்கங்க!