கூப்பர்ஸ்டவுனின் ஆறு சொற்கள்

நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் அமெரிக்க பேஸ்பாலின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ இருக்கிறது. அங்கே யாருக்கு வெண்கலப் பட்டயம் பதிக்கப்பட வேண்டும் என்னும் வாதம் ஆண்டுதோறும் மூள்கிறது. பலரும் இதனை எண்களைப் பற்றிய வாதமாகக் கருதுகின்றனர். உண்மையில் இது சொற்களைப் பற்றிய வாதம்.

பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்த இதழாளர்கள் வாக்களிக்கின்றனர். 75 விழுக்காடு பெறுபவரே தேர்வாவார். ஆட்டப் பதிவு, திறன், நேர்மை, ஆட்டப் பண்பு, ஒழுக்கம், அணிக்கான பங்களிப்பு என ஆறு அளவுகோல்களை விதி அடுக்குகிறது. முதலிரண்டையும் கடைசியையும் ஓரளவு அளந்துவிடலாம். நடுவிலுள்ள மூன்றும் அளவைக்கு அடங்காதவை. வகையால் வேறுபட்ட சொற்கள் ஒரே தொடரில் இணையாக நிற்கும்போது, எதற்கு எவ்வளவு எடை என்பது வாக்களிப்பவரின் மனப்போக்காகிவிடுகிறது.

762 ஹோம் ரன்களுடன் பாரி பாண்ட்ஸ் எவரும் எட்டாத உயரத்தில் நிற்கிறார். ரோஜர் கிளெமன்ஸ் 354 வெற்றிகளும் ஏழு ‘சை யங்’ விருதுகளும் பெற்றவர். ஊக்கமருந்து ஐயம் இருவரையும் சூழ்ந்தது. நீதிமன்றங்களில் எந்தத் தண்டனையும் இறுதியில் நிலைக்கவில்லை. பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பாகிய 2022-இல் 394 வாக்குச்சீட்டுகளில் பாண்ட்ஸ் 260, கிளெமன்ஸ் 257 பெற்றுத் தோற்றனர். அதே தேர்தலில் 307 வாக்குகளுடன் டேவிட் ஓர்ட்டிஸ் நுழைந்தார். 2003-ஆம் ஆண்டின் சோதனையில் அவர் பெயரும் இருந்ததாக 2009-இல் செய்தி வெளியாகியிருந்தது. அச்சோதனை முடிவை ஆணையர் பின்னர் ஐயத்துக்குரியது என்றது உண்மையே. எனினும் ஐயத்தின் பயன் ஒருவருக்குக் கிட்டியது, மற்றவர்க்குக் கிட்டவில்லை.

இதனினும் பெரிய முரண் வேறொன்று. ஊக்கமருந்துக் காலத்தில் ஆட்டத்தை ஆண்ட ஆணையர் பட் செலிக்கின் பட்டயம் 2017-இல் பதிக்கப்பட்டது. தண்டனையோடு கூடிய சோதனை 2004-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஹோம் ரன் மழையால் அரங்குகள் நிறைந்தன. அந்த வருவாயை எவரும் மறுக்கவில்லை. கறுப்பின வீரர்களோடு ஆட மறுத்த கேப் ஆன்சனும், எந்தக் கறுப்பினத்தவரும் மேஜர் லீக்கில் ஆடாத காலத்தின் ஆணையர் லேண்டிஸும் அங்கேதான் இருக்கின்றனர். ‘ஒழுக்கம்’ என்னும் சொல் அவர்களை நோக்கி ஒருபோதும் எழுந்ததில்லை.

மறுதரப்பின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மருந்து தொடாமல் ஆடி, அதனாலேயே இடமிழந்த வீரர்கள் இருந்தனர். அவர்களுக்கு யார் பதில் சொல்வது? பீட் ரோஸின் வழக்கும் அத்தகையதே. 4,256 ஹிட்கள் அடித்தவர் தம் அணியின் ஆட்டங்களின் மீதே பந்தயம் கட்டினார். அது ஆட்டத்தின் மெய்ம்மையையே ஐயத்துக்குள்ளாக்கும் செயல். 1989-இல் விதிக்கப்பட்ட தடை அவர் மறைந்த பிறகு, 2025 மே மாதம்தான் நீங்கியது.

ஆகவே நேர்மை என்னும் அளவுகோலைக் கைவிட வேண்டியதில்லை. அதன் எல்லையை வரையறுத்தாக வேண்டும். ஆட்டத்தின் விதிகளுக்கு இழைத்த தீங்கு என அதற்குப் பொருள் குறித்து, வீரருக்கும் ஆணையருக்கும் ஒன்றுபோல் பொருத்த வேண்டும். வரையறைக்கு இணங்காத ‘ஒழுக்கம்’ என்னும் சொல்லை நீக்கிவிடலாம். தகுதியுடையோரைச் சேர்த்து, பட்டயத்திலேயே குற்றத்தையோ ஐயத்தையோ எழுதிவைக்கலாம்.

இதற்கு முன்மாதிரி அவ்வருங்காட்சியகத்திலேயே உண்டு. முந்தைய சாதனையை முறியடித்த பாண்ட்ஸின் 756-ஆவது ஹோம் ரன் பந்தை ஏலத்தில் வாங்கியவர், பொதுமக்களின் வாக்கெடுப்புப்படி அதில் ஓர் உடுக்குறியைப் பொறித்து அங்கே வழங்கினார். சாதனையையும் ஐயத்தையும் அந்தப் பந்து ஒருசேரச் சுமக்கிறது. பட்டயங்களாலும் அது இயலும்.