எழுத்துக்குப் பணம் கட்டாதே மச்சி!

ராத்திரி இரண்டு மணி. மறுநாள் காலை எனக்குப் பரீட்சை. அறைத்தோழன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தான்.

"மச்சி, இதுல எந்தக் கல்லுடா எடுக்கலாம்?"

திரையில் நானூற்றுச் சொச்சம் வைரங்கள். எல்லாமே ஒரே அச்சில் வார்த்த மாதிரி. ஓரத்தில் கேரட், கலர், கிளாரிட்டி, விலை என்று இப்படியும் அப்படியும் இழுக்கிற கோடுகள். பயல் கலரை "டி"யிலும் கிளாரிட்டியை "வி.வி.எஸ்."ஸிலும் கொண்டுபோய் வைத்திருந்தான். விலையைப் பார்த்ததும் என் தூக்கம் போய்விட்டது.

அவன் காதலி இங்கே அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். இந்த ஊர் வழக்கப்படி மண்டியிட்டு, மோதிரத்தை நீட்டி, "என்னைக் கட்டிக்கிறாயா" என்று கேட்க வேண்டுமாம். கேட்கட்டும், சந்தோஷம். ஆனால் "ரெண்டு மாச சம்பளத்தைப் போடணும்டா, அதான் முறை" என்றான் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தச் சம்பளம்? விடைத்தாள் திருத்துவதற்குப் பல்கலைக்கழகம் போடுகிற உதவித்தொகை! ஊரில் அவன் அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்ட கல்விக் கடன் அப்படியே நிற்கிறது.

அன்றைக்கு அவனிடம் சொன்னதையும், தூக்கக் கலக்கத்தில் சொல்லாமல் விட்டதையும் இங்கே கொட்டிவிடுகிறேன்.

முதலில் இந்த "முறை". யார் வைத்த முறை ஐயா அது?

1867-ல் தென்னாப்பிரிக்காவில் வைரம் கிடைக்க ஆரம்பித்தது. அதுவரை ராஜாக்கள் வீட்டில் மட்டும் இருந்த கல், சுரங்கம் சுரங்கமாக வெளியே வந்தது. இப்படியே விட்டால் "அரிய கல்" என்ற பெயர் போய், விலையும் போய்விடும். 1888-ல் பிறந்த டி பியர்ஸ் கம்பெனி செய்த வேலை, சுரங்கங்களைக் கைக்குள் போட்டுக்கொண்டு சந்தைக்கு அளந்து அளந்து விட்டதுதான். அப்புறம், வாங்க ஆள் வேண்டுமே? 1938-ல் என்.டபிள்யூ. அயர் என்ற விளம்பர நிறுவனத்தைப் பிடித்தார்கள். 1947-ல் அந்த நிறுவனத்தின் பிரான்சஸ் ஜெரட்டி என்ற அம்மாள் "வைரம் என்றென்றைக்கும்" என்ற பொருளில் நாலே சொல்லில் ஒரு வாசகம் எழுதினார். இன்று வரை உலகம் அதை வேதவாக்காக ஓதிக்கொண்டிருக்கிறது. (எழுதிய அம்மாள் கடைசி வரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.) அந்த "இரண்டு மாதச் சம்பளம்" இருக்கிறதே, அதுவும் 1980-களில் இதே டி பியர்ஸ் அமெரிக்காவில் செய்த விளம்பரம்தான்.

"இல்லடா, இது பாரம்பரியம்" என்பவர்கள் ஜப்பானைப் பாருங்கள். 1967-ல் அங்கே நிச்சயத்துக்கு வைர மோதிரம் போட்டுக்கொண்ட பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. 1981-ல் அறுபது பேர். பதினான்கு வருஷத்தில் ஒரு பாரம்பரியம்! எட்வர்ட் ஜே எப்ஸ்டீன் 1982-ல் அட்லாண்டிக் பத்திரிகையில் இதையெல்லாம் புட்டுப்புட்டு வைத்துவிட்டார். வாங்கிய வைரத்தை விற்கப் போனால் என்ன நடக்கும் என்பதுதான் அந்தக் கட்டுரையின் மையமே. கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார், அவ்வளவுதான். ஆகவே "முதலீடு" என்று யாராவது சொன்னால் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிடுங்கள்.

நிற்க. இவ்வளவு தெரிந்தும் வாங்கியே தீருவேன் என்றால் தப்பில்லை. ஆசை யாருக்கில்லை? என் சண்டை ஆசையோடு அல்ல. அந்த இழுக்கிற கோடுகளோடு.

ஜி.ஐ.ஏ. என்கிற ஆய்வகம் வைரத்தின் நிறத்துக்கு "டி"யிலிருந்து "இசட்" வரை எழுத்து கொடுக்கிறது. ("ஏ"யில் ஆரம்பிக்காததற்குக் காரணம், அதற்கு முன்பே ஆளாளுக்கு ஏ, டபுள் ஏ என்று போட்டு அந்த எழுத்துகளை நாறடித்திருந்தார்கள்.) இந்த எழுத்தை எப்படி முடிவு செய்கிறார்கள் தெரியுமா? கல்லைக் கவிழ்த்து வைத்து, அளவான விளக்கொளியில், மாதிரிக் கற்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கிளாரிட்டியைப் பார்ப்பது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில். உங்கள் வருங்கால மனைவி கல்லைக் கவிழ்த்துப் போட்டு, லென்ஸை வைத்துக்கொண்டா பார்க்கப் போகிறாள்? மோதிரத்தில் பதித்த "ஜி" கல்லையும் "டி" கல்லையும் கலந்து வைத்தால் நீங்களும் நானும் பிரித்துச் சொல்ல முடியாது. "வி.எஸ்."ஸுக்கும் "வி.வி.எஸ்."ஸுக்கும் வெறும் கண்ணுக்கு வித்தியாசமே கிடையாது. பணத்தில் மட்டும் வித்தியாசம் உண்டு!

கண்ணுக்குத் தெரிகிற ஒன்று இருக்கிறது. அது கட். அதாவது பட்டை தீட்டிய விதம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. அதனால் உள்ளே நுழைந்த ஒளி, பட்டையின் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 24½ டிகிரிக்கு மேல் சாய்ந்து மோதினால் வெளியே தப்ப முடியாது. முழு அக எதிரொளிப்பு. அடிப்பக்கக் கோணம் சரியாக இருந்தால் அந்த ஒளி இரண்டு முறை மோதித் திரும்பி, மேல்வழியாக உங்கள் கண்ணுக்கே வரும். அதுதான் ஜொலிப்பு. அடி ரொம்ப ஆழமாகப் போனால் நடுவில் இருட்டாகத் தெரியும். ரொம்பத் தட்டையானால் மீன் கண் மாதிரி மங்கலாக ஒரு வளையம். மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் 1919-லேயே இதைக் கணக்குப் போட்டுப் புத்தகமாக எழுதிவிட்டார்: அடிக்கோணம் 40¾ டிகிரி, மேல்கோணம் 34½ டிகிரி. இன்றைக்கும் நல்ல வட்டக் கல் இதைச் சுற்றித்தான் இருக்கும்.

அப்படியென்றால் ஏன் மட்டமாகப் பட்டை தீட்டுகிறார்கள்? காரணம் கேரட்! ஒரு கேரட் என்பது 0.2 கிராம். 99 சென்ட் கல்லுக்கும் 100 சென்ட் கல்லுக்கும் எடையில் வித்தியாசம் 2 மில்லிகிராம். ஆனால் "ஒரு கேரட்" என்ற பெயர் கிடைத்ததும் விலை ஒரே தாவாகத் தாவும். அதனால் அழகாகத் தீட்டினால் 92 சென்ட் ஆகிவிடும் என்கிற கல்லை, அடியில் தொந்தி வைத்து 1 கேரட்டாகவே நிறுத்திவிடுகிறார்கள். தொந்தி மோதிரத்துக்குள்ளே ஒளிந்துகொள்ளும். நன்றாகத் தீட்டிய ஒரு கேரட் வட்டக் கல் சுமார் 6.5 மில்லிமீட்டர் அகலம். தொந்திக் கல் அதைவிடச் சின்னதாகத் தெரியும், மங்கலாகவும் இருக்கும், ஆனால் ரசீதில் மட்டும் ஒரு கேரட். நாம் எடைக்கு வாங்குவது வைரமா, வெங்காயமா?

ஜி.ஐ.ஏ.வே வட்டக் கல்லுக்குக் கட் மதிப்பெண் கொடுக்க ஆரம்பித்தது 2006-ல்தான். அந்த "எக்ஸலன்ட்" என்ற பட்டமும் கொஞ்சம் தாராளமான பட்டம். அதற்குள்ளேயே நல்லதும் சுமாரும் உண்டு. அந்தக் கோணங்களைப் பல இடங்களில் கடைசியில், சான்றிதழ் படத்துக்குள், பொடி எழுத்தில்தான் தேட வேண்டும். கலரையும் கிளாரிட்டியையும் முகப்பில் வைத்து ஆசை காட்டுகிறார்கள். இதுதான் என் குற்றச்சாட்டு.

இணையத்தில் வாங்குவதே தப்பு என்று சொல்லவில்லை. 1999-ல் சியாட்டிலில் ப்ளூ நைல் மாதிரியான கடைகள் வந்த பிறகுதான், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று வாய்க்கு வந்த விலை சொல்பவரிடமிருந்து சாமானியனுக்கு விடுதலை. நிறைய இணையக் கடைகளிடம் கல்லே கையில் இருக்காது. வியாபாரியின் பட்டியலைக் காட்டுவார்கள், நாம் பணம் கட்டிய பிறகு வரவழைப்பார்கள். ஒரே கல் நாலு கடையில் நாலு விலையில் இருக்கும். சான்றிதழ் எண்ணை வைத்துத் தேடினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சான்றிதழ் என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. ஒரு ஆய்வகத்தின் "ஜி" இன்னொன்றின் "ஐ"யாக இருக்கலாம். ஈ.ஜி.எல். என்ற பெயரில் வந்த சான்றிதழ்கள் இப்படித் தாராளமாக இருக்கின்றன என்ற சண்டை முற்றி, 2014 அக்டோபரிலிருந்து ராப்நெட் என்கிற வியாபாரச் சந்தை அவற்றைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

நம்மூர்ப் பாட்டிகள் வைரத்தோடு வாங்கிய கதை கேட்டிருப்பீர்கள். ஏழு கல், "ப்ளூ ஜாகர்" என்பார்கள். (தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயர்தான் மயிலாப்பூர் வரை வந்து அப்படி ஆனது.) கல்லை நாலு நாள் வீட்டில் வைத்திருந்து, தோஷம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பார்கள். தோஷத்தை விடுங்கள். அந்த நாலு நாளில் கல்லை வீட்டு வெயிலிலும் விளக்கிலும் பார்த்தாகிவிடும் அல்லவா? திருப்பி எடுத்துக்கொள்ளாத கடையில் வாங்காதே என்று நான் சொல்வதும் அதையேதான்.

கடைசியாக, லேபில் வளர்த்த வைரம். "போலி" என்று முகம் சுளிக்கிறார்கள். 1954-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ட்ரேசி ஹால் செய்து காட்டியது முதல் இது கார்பன்தான், அதே படிகம்தான். 2018-ல் அமெரிக்க வணிக ஆணையம் வைரத்தின் விளக்கத்திலிருந்து "இயற்கை" என்ற சொல்லையே எடுத்துவிட்டது. நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸுக்கே இதற்கென்று 2023-ல் மத்திய அரசு ஆராய்ச்சி நிதி கொடுத்தது. விலை சரிந்துகொண்டே போகிறது. திருப்பி விற்றால் ஒன்றும் தேறாது, உண்மை. வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான லேப் கற்கள் உயர்ந்த தரத்திலேயே வருவதால், 2025-ல் ஜி.ஐ.ஏ. அவற்றுக்கு அந்த எழுத்துகளைக் கொடுப்பதையே நிறுத்தி, "பிரீமியம்", "ஸ்டாண்டர்ட்" என்று இரண்டே தட்டு வைத்துவிட்டது. எல்லோரும் முதல் வகுப்பு என்றால் மதிப்பெண் எதற்கு!

சுரங்கக் கல்லின் பக்கமும் நியாயம் உண்டு. வைர வருமானத்தில்தான் போட்ஸ்வானா பள்ளிக்கூடமும் சாலையும் கட்டியது. ஆனால் 2003-ல் வந்த கிம்பர்லி சான்றிதழைக் காட்டி "ரத்தக் கறையே இல்லை" என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். அது கிளர்ச்சிக் கும்பல்களின் போருக்குப் போகும் வைரத்தை மட்டுமே தடுக்கிறது. அரசாங்கமே ஆளைச் சுட்டால் அதில் சேராது. அந்த ஏற்பாட்டுக்குப் பாடுபட்ட குளோபல் விட்னஸ் அமைப்பே 2011-ல் வெறுத்துப்போய் வெளியேறிவிட்டது.

ஆக மச்சி, கலரை "ஜி"க்கு இறக்கு. கிளாரிட்டியைக் கண்ணுக்குச் சுத்தமாக இருந்தால் போதும் என்று விடு. ஒரு கேரட்டுக்குக் கீழே 90 சென்ட்டில் தேடு. கட்டில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. மிச்சப்படும் பணத்தை உங்கப்பா கையெழுத்துப் போட்ட கடனில் கட்டு. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் "டி வாங்காதவன் என்னைக் காதலிக்கவில்லை" என்று அந்தப் பெண் சொல்வாளா? சொல்ல மாட்டாள் என்று நினைக்கிறேன். சொன்னால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. :-)

பின்குறிப்பு: பயல் இன்னும் வாங்கவில்லை. கலர் கோட்டை "எஃப்" வரைக்கும் இறக்கியிருக்கிறான். "ஜி"க்கு வர மனசு வரவில்லையாம். என் பரீட்சையைப் பற்றி மட்டும் யாரும் கேட்காதீர்கள்.