பூட்டிய பெட்டியும் பூட்டாத நோயும்

சந்தவாசலின் தறிக்குழியில் அமர்ந்து பட்டு நெய்யும் நெசவாளர்க்கு ஒரு கணக்குத் தெளிவாகத் தெரியும். புடவை முடிந்தால் அதனை அறுத்தெடுத்து, மடித்துக் கொடுத்துக் கூலி பெறவேண்டும். “அடுத்த ஊரில் ஒருவர் எட்டுப் புடவை நெய்கிறார்; அவர் எட்டாவதை முடிக்கும்வரை உன் புடவையும் தறியிலேயே கிடக்கட்டும்” என்று எவரேனும் சொன்னால், அவரை அறிவுடையார் என்று ஆரணி வட்டாரத்தில் ஒருவரும் ஒப்பார். ஆனால் 2021-ஆம் ஆண்டில், தமிழ்நாட்டின் ஆறு கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்க்கு இதைத்தான் சொன்னது தில்லியிலுள்ள தேர்தல் ஆணையம்! தமிழினமும் வாய்மூடிக் கேட்டுக்கொண்டது!

அவ்வாண்டு பிப்ரவரி 26-இல் ஐந்து நிலப்பகுதிகளுக்கும் தேர்தல் நாள்கள் ஒருங்கே அறிவிக்கப்பெற்றன. தமிழ்நாடும் கேரளமும் புதுச்சேரியும் ஏப்பிரல் 6 என்னும் ஒரே நாளில் வாக்களித்து முடித்தன. அசாமில் மூன்று கட்டம். மேற்கு வங்காளத்திலோ எட்டுக் கட்டம்! மார்ச்சு 27-இல் தொடங்கிய வங்காள வாக்குப்பதிவு ஏப்பிரல் 29-இல்தான் முடிந்தது. அதன்பின் மே 2-இல் ஐந்துக்கும் ஒன்றாக எண்ணிக்கை. இடைப்பட்ட 25 நாள்களும் தமிழ்மக்களின் தீர்ப்பு வாக்குப்பொறிகளுக்குள் அரக்கிட்டுப் பூட்டப்பட்டுக் கிடந்தது.

வாக்குப்பதிவு நாளின் ஏற்பாடுகளைக் குறைகூறுவதற்கில்லை. சாவடிக்கு 1,500 பேர் என்றிருந்த வரம்பை 1,000 ஆகக் குறைத்தனர்; சாவடிகள் 88,000-க்கு மேல் பெருகின. மாலை 7 மணிவரை நேரம் நீட்டிக்கப்பெற்று, இறுதி ஒரு மணிநேரம் கொரோனாத் தொற்றுடையார்க்கென ஒதுக்கப்பெற்றது. 80 அகவை கடந்தோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அஞ்சல் வாக்கு இருந்தது. நூற்றுக்கு எழுபத்திருவர்க்கு மேல் வாக்களித்தனர். நோய்க்காலத்திலும் நேர்மையான தேர்தல் இயலும் என்பதற்கு இஃது ஒரு சான்றே. ஆயின் சாவடியில் இருந்த ஒழுங்கு பரப்புரைத் திடலில் இல்லை. முகமூடியின்றி முட்டிமோதிய கூட்டங்களை ஆணையம் கண்டும் காணாதிருந்தது. அதனினும் பெரிய குறை வாக்குப்பதிவுக்குப் பின்னர் வந்தது.

ஏப்பிரல் 6-இல் தமிழ்நாட்டில் ஒருநாளில் கண்டறியப்பெற்ற புதுத்தொற்று 4,000-க்கும் குறைவு. மே 2-இல் அது 20,000-ஐத் தாண்டியிருந்தது! திருவில்லிபுத்தூரில் போட்டியிட்ட பேராயக்கட்சி வேட்பாளர் மாதவராவ் தொற்றுக்கு ஆளாகி ஏப்பிரல் 11-இல் மறைந்தார்; அவர்க்கு விழுந்த வாக்குகளோ எண்ணப்படாமல் கிடந்தன. நோய் பூட்டையும் அரக்கையும் கண்டு நிற்குமா?

அந்நாள்களில் நாட்டை ஆண்டவர் யாவர்? இருந்த அரசோ தேர்தல் நடத்தை நெறியால் கட்டுண்டு, புதுத்திட்டத்துக்கு ஆணையத்தின் இசைவை எதிர்நோக்கி நின்றது. வரவேண்டிய அரசோ இன்னதென்றே தெரியவில்லை. ஏப்பிரல் 20 முதல் இரவு ஊரடங்கும் பின்னர் ஞாயிறு முழு ஊரடங்கும் வந்தன என்பது மெய்யே. ஆனால் அரிசி அட்டைக் குடும்பங்களுக்கான 4,000 உருபாவில் முதற்பகுதியாக 2,000 வழங்கும் ஆணை, மு.க. இசுடாலின் மே 7-இல் பொறுப்பேற்ற பின்னரே பிறந்தது. மறுநாள்தான், மே 10 முதல் முழு ஊரடங்கு என்னும் அறிவிப்பும் வந்தது. இது புதிய அரசைப் புகழ்வதற்காகச் சொல்லப்படுவதன்று. பழைய அரசே மீண்டிருப்பினும், மக்களின் புத்தொப்புதலோடும் முழுப்பொறுப்போடும் ஏப்பிரல் நடுவிலேயே செயற்பட்டிருக்கக் கூடும். கூலியை நம்பி அடுப்பெரிக்கும் நெசவாளர் வீட்டுக்கு இருபத்தைந்து நாள் என்பது சிறிய கணக்கா?

“ஒரு மாநிலத்தின் முடிவு தெரிந்தால் வாக்களிக்கவிருக்கும் இன்னொரு மாநிலத்தார் மனம் திரியும்” என்பது ஆணையத்தார்க்காகப் பேசுவோர் கூறும் விடை. தமிழர் தேர்ந்தது தமிழ்நாட்டை ஆள்வோரை; வங்காளத்தை ஆள்வோரையல்லர்! அவ்வச்சம் உண்மையெனினும் மருந்து எளிது. ஒருநாளில் முடியும் மாநிலத்தை இறுதியில் வைக்கலாம். 2016-இல் தமிழ்நாடு மே 16-இல் வாக்களித்தது. மே 19-இல் எண்ணினர். 2011-இலோ ஏப்பிரல் 13-இல் வாக்களித்துவிட்டு, வங்காளத்தின் ஆறு கட்டமும் முடியும்வரை மே 13 வரை காத்திருந்தது. அன்று நோயில்லை, பொறுத்தனர். 2021-இல் நோய் பெருகக் கண்டு, எஞ்சிய கட்டங்களை ஒன்றாக்குமாறு வங்காளத்தின் ஆளுங்கட்சியே கேட்டது. ஆணையம் மறுத்துவிட்டது!

அவ்வாறாயின் தேர்தலையே தள்ளிவைத்திருக்கலாம் என்பார் ஈழத்தீவை எண்ணிப் பார்க்க. அங்கு 2020 மார்ச்சு 2-இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. ஏப்பிரல் 25 என்றிருந்த தேர்தல் சூன் 20 ஆகி, முடிவில் ஆகசுட்டு 5-இல் நடந்தது. ஐந்து திங்கள் கேள்வி கேட்க அவையின்றிக் கோத்தபாய இராசபக்ச ஆண்டார். தொலைவிற் செல்வானேன்? 2016 அக்தோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை, ஆரணி உள்ளிட்ட நகரங்களைத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் இன்றியே வைத்திருந்தவர் தமிழ்நாட்டை ஆண்டோரே! தொற்று வந்தபோது நகரத் தெருவினர் முறையிட ஒரு தெருப்பேராளர் இல்லை. தில்லியைச் சுட்டும் விரல் இங்கும் திரும்பவேண்டும்.

கரூரில் 77 வேட்பாளர்க்குரிய எண்ணிக்கை ஏற்பாடு பற்றிய வழக்கில், ஏப்பிரல் 26 அன்று சென்னை உயர்நயன்மன்றத் தலைமை நடுவர், ஆணையத்தார்மேல் கொலைவழக்கே தொடுக்கலாம் என்று சினந்துரைத்தார். மே 6-இல் உச்சநயன்மன்றம், அச்சொல் கடுமையானது, பொருந்தாதது என்றது. கொலையென்றது மிகையே ஆகுக. மிகையைக் கண்டித்தோர் குறையைக் களைந்தனரா? சொல்லைப் பற்றி வழக்காடியதோடு எல்லாம் முடிந்தது!

வேண்டுவன இரண்டே. ஒரு மாநிலத்தில் இறுதி வாக்குப் பதிவான மூன்று நாளுக்குள் எண்ணிக்கை தொடங்கவேண்டும் என்று சட்டம் வரையறுக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பேரவைத் தேர்தலின் நாளைத் தமிழ்நாட்டின் நோய்நிலையும் பருவமும் அறிந்தோர் இசைவோடே குறிக்கவேண்டும். அடுத்த கொள்ளைநோய் நாள்குறித்து வாராது. அது வருமுன் நெறி எழுதப்படவேண்டும்.

தமிழரே! வாக்கிடுவது மட்டும் உரிமையன்று. இட்ட வாக்கு எண்ணப்பெறுவதும் உரிமையே. நெய்து முடித்த புடவையைத் தறியிற் பூட்டிவைக்க எந்த நெசவாளரும் இசையார். நீவிர் மட்டும் இன்னொரு முறை இசைவீரோ?