நான்கு மணி நேரம் என்னும் அரைகுறை விடை



தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும். இச்சூத்திரத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறோம். மாணவர் வகுக்கிறார், விடை வருகிறது, சரியெனக் குறியிடுகிறோம். அந்த விடைப்படி எவரேனும் பயணம் செய்ய இயலுமா என்று நாம் வினவுவதே இல்லை. இப்போக்கையே நான் கண்டிக்கிறேன்.

ஒரு சான்று தருகிறேன். பசிபிக் பெருங்கடலில் கிரிபட்டி என்றொரு தீவு நாடு உண்டு. அதன் தலைநகர் அமைந்த தீவு தராவா. அதே நாட்டின் கிழக்குக் கோடியில் இருப்பது கிரிட்டிமட்டித் தீவு. தராவாவின் பொன்ரிக்கி விமான நிலையத்திற்கும் கிரிட்டிமட்டியின் காசிடி விமான நிலையத்திற்கும் இடையே நேர்த்தூரம் ஏறத்தாழ 3,280 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் மணிக்கு 820 கிலோமீட்டர் எனக் கொண்டால், விடை 4 மணி நேரம். கணினியும் ஏறக்குறைய இதையே கூறும். மாணவரும் அதை இடுபணியில் அப்படியே எழுதிவிடுவார்.

உண்மை யாது? நெடுங்காலம் இவ்விரு தீவுகளுக்கிடையே நேரடி விமானச் சேவை இல்லை. பயணி தெற்கே பீஜி நாட்டின் நாண்டிக்குச் சென்று, அங்கிருந்து வடகிழக்கே கிரிட்டிமட்டிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. வழித்தூரம் ஏறத்தாழ 5,700 கிலோமீட்டர். அடுத்த விமானத்திற்காக நாள்கணக்கில் காத்திருப்பதும் உண்டு. சொந்த நாட்டின் தலைநகருக்குச் செல்ல அயல்நாட்டு மண்ணை மிதிக்க வேண்டிய குடிமகனின் இடர்ப்பாடு, அந்த 4 மணி நேரத்தில் எங்கே இருக்கிறது?

நாள்காட்டியும் கணக்கில் சேரும். 1995இல் அனைத்துலகத் தேதிக்கோடு கிழக்கே நகர்த்தப்படும் வரை, அது அந்நாட்டை இரண்டாகப் பிரித்தது. தராவாவில் வெள்ளி என்றால் கிரிட்டிமட்டியில் பெரும்பாலும் வியாழன். இரு பகுதி அலுவலகங்களும் ஒருங்கே பணியாற்றிய நாள்கள் வாரத்தில் நான்கே. இன்று தேதி ஒன்றுதான். கடிகாரத்தில் மட்டும் 2 மணி நேர வேறுபாடு. காலை 8 மணிக்குத் தராவாவிலிருந்து 4 மணி நேரம் பறந்தால், கிரிட்டிமட்டியில் மணி பிற்பகல் 2. 1994இல் அதே பயணம் முந்தைய நாள் பிற்பகல் 2 மணிக்கு முடிந்திருக்கும்!

"தேர்வுக்குச் சூத்திரம் போதுமே" என்பர் சிலர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு மனப்பான்மை நீங்கியபாடில்லை. "ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு இது மிகை" என்பர் வேறு சிலர். வெளியூர்ப் பேருந்துக்காகக் காத்திருந்து பழகிய பிள்ளைக்கு, காத்திருத்தலும் பயண நேரமே என்பது விளங்காதா?

சூத்திரம் தவறன்று, அதனோடு நின்றுவிடும் நாமே தவறு. இனி விடை வந்தவுடன் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: வழி எது? காத்திருப்பு எவ்வளவு? சேருமிடத்தில் மணி என்ன? பெற்றோரே, வீட்டில் உலகப்படத்தை விரித்து நீங்களும் கேளுங்கள். வகுக்கத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். வந்த விடையை ஐயுறத் தெரிந்த பிள்ளைகளே நமக்குத் தேவை.