ஹெட்போன் பழசாகலை... பஞ்சுதான் பழசாச்சு!

தலையணை உறையில் கறுப்புக் கறுப்பாகத் தூள். காதோரம், கன்னத்தில், வெள்ளைச் சட்டைக் காலரில் அதே தூள். எறும்பு மருந்தா, பொடுகா என்று குழம்ப வேண்டாம். இரண்டு மூன்று வருடங்களாக வீட்டில் உழைத்துக்கொண்டிருக்கும் ஹெட்போனின் காதுப் பஞ்சு உதிர்கிறது, அவ்வளவுதான். கடைக்காரர்கள் இதை ‘இயர் பேட்’ என்பார்கள், சிலர் ‘குஷன்’ என்பார்கள்.

பெரும்பாலான வீடுகளில் அடுத்த காட்சி ஒன்றுதான். “பிய்ஞ்சு போச்சு, வேற வாங்கிக்கோ” என்று அப்பா சொல்வார். நல்ல ஹெட்போன் ஒன்று அலமாரியில் பழைய சார்ஜர்களோடு போய்ச் சேரும். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர், ஒயர், பேட்டரி எதற்கும் ஒரு குறையும் இருக்காது. செருப்பு வார் அறுந்தால் தைத்துப் போடுகிற நாம், ஹெட்போன் என்று வந்தால் மட்டும் ஏனோ அவசரப்பட்டுவிடுகிறோம்.

ஏன் உதிர்கிறது?

‘லெதர்’ என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், பெரும்பாலும் அது துணியின் மேல் பூசிய பாலியூரிதேன் படலம்தான். ஈரமும் சூடும் சேர்ந்து இந்தப் படலத்தின் மூலக்கூறுகளை மெல்ல மெல்ல உடைக்கின்றன. வியர்வையும் தலைக்குத் தடவும் எண்ணெயும் அந்த வேலையைச் சீக்கிரப்படுத்துகின்றன. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் திருச்சி, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கம், வாரம் தவறாமல் எண்ணெய்க் குளியல்... இந்தப் படலத்துக்கு இதைவிடக் கஷ்டமான ஊர் அமையாது! உபயோகிக்காமல் பத்திரமாகப் பெட்டியில் வைத்தாலும் உதிரும். காற்றில் இருக்கும் ஈரமே அதற்குப் போதும்.

குளிர் தேசங்களிலும் இதே கதைதான். 1991-ல் வந்த சோனி எம்.டி.ஆர்-7506 ஹெட்போன் உலகம் முழுக்க ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்றும் ஓடுகிறது. அதன் பேட் உதிர்வதும் ஊரறிந்த சங்கதி. பேட் போனதற்காக அங்கே யாரும் ஹெட்போனைத் தூக்கிப் போடுவதில்லை. புது பேட் மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

மெத்தை மட்டுமா?

காது வலிக்காமல் இருக்கத்தான் பஞ்சு என்று நினைக்கிறோம். அதன் முக்கியமான வேலை வேறு. ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவே ஒரு சின்னக் காற்றறையை அது மூடி வைக்கிறது. அந்த மூடல் சரியாக இருந்தால்தான் கீழ் ஸ்தாயி ஒலி, அதாவது ‘பேஸ்’, காதுக்கு முழுசாக வந்து சேரும். சின்னதாக ஓர் இடைவெளி விழுந்தாலும் முதலில் கசிந்து ஓடுவது பேஸ்தான்.

மிருதங்கம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கச்சேரிக்கு முன்னால் தொப்பிப் பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். அது காய்ந்து உதிர்ந்தால் ‘தொம்’ என்ற நாதம் போய்விடும். மிருதங்கம் அதேதான், வாசிப்பவரும் அவரேதான், நாதம் மட்டும் வேறு. ஹெட்போனுக்குப் பஞ்சும் அப்படித்தான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தவில் அல்லது மிருதங்கம் நன்றாகக் கேட்கிற பாட்டு ஒன்றைப் போடுங்கள். இரண்டு கைகளாலும் ஹெட்போன் கிண்ணங்களைக் காதோடு லேசாக அழுத்துங்கள். பேஸ் திடீரென்று கூடினால் உங்கள் பேட் கசிகிறது என்று அர்த்தம். மூக்குக் கண்ணாடிக்காரர்களுக்குக் கண்ணாடியின் காம்பும் இதே கசிவை உண்டாக்கும்.

காது டாக்டரிடம் செவித்திறன் பரிசோதனைக்குப் போனால் ஒரு ஹெட்போனை மாட்டுவார்கள் அல்லவா? அதில் எந்த வகை குஷன் போட வேண்டும் என்பதும் கருவியின் அளவுத்திருத்தத்தில் ஒரு பகுதி. இஷ்டத்துக்கு வேறு குஷன் போட்டால் அளவு தப்பாகிவிடும். பஞ்சு என்பது ஒலியின் பாதை. அலங்காரமாக நினைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

வால்யூம் ஏறும் கதை

காசு மிச்சமாவதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்த மாமா ஒருவர், வயது 72. திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1939 மே மாதம் தொடங்கிய திருச்சி வானொலியைக் கேட்டே வளர்ந்த தலைமுறை. சாயங்காலமானால் மகள் வாங்கித் தந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனில் கச்சேரி கேட்பார். ஒருநாள், “காது போயிடுத்துடா. போன வருஷம் பாதி வால்யூம் வச்சா போதும். இப்போ முழுசா வச்சும் பத்தலை” என்றார்.

ஹெட்போனை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் தோல் முழுக்க உரிந்து, ஸ்பாஞ்ச் அப்பளம் மாதிரி தட்டையாகிக் கிடந்தது. “மாமா, காதுக்கு முன்னாடி இதைப் பாருங்கோ” என்றேன். புது பேட் மாட்டியதும் அவர் வைத்த வால்யூம் பாதிக்குக் கொஞ்சம் மேலே. “அட, தம்புரா கேக்கறதே!” என்றார்.

பிறகு காது டாக்டரையும் பார்த்தார். வயதுக்கே உரிய செவித்திறன் குறைவு கொஞ்சம் இருப்பது உண்மைதான், அதைப் பஞ்சு சரி செய்யாது. ஆனால் அந்தக் குறைவோடு, மாதக்கணக்கில் முழு வால்யூமையும் சேர்த்துக் காதில் ஏற்றிக்கொண்டிருந்தார் பாருங்கள், அதுதான் ஆபத்து.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலானால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். கூடியது பத்தே டெசிபல், குறைந்தது பத்தில் ஒரு பங்கு நேரம். இதே கதை இளைஞர்களுக்கும் நடக்கிறது. ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் வரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் இன்ஜின் சத்தமும் ஹாரனும், கசிகிற பேட் வழியாக உள்ளே வரும். அதை அமுக்க விரல் தானாக வால்யூமை ஏற்றும். உட்காதிலுள்ள நுண்ணிய மயிர் செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது.

தொழிற்சாலைகளில் காதுக்குப் போடும் ‘இயர் மஃப்’ தயாரிப்பாளர்கள், அதன் குஷனை வருடத்துக்கு இரண்டு முறையாவது மாற்றச் சொல்கிறார்கள். மூடல் போனால் பாதுகாப்பும் போச்சு என்பதுதான் காரணம். நாமோ, ஹெட்போன் பேட்டை வாங்கிய நாள் முதல் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

எந்தப் பஞ்சு?

செயற்கைத் தோல்: மூடல் நன்றாக இருக்கும், பேஸ் குறையாது, வெளிச் சத்தத்தையும் தடுக்கும். ஆனால் புழுங்கும். சில வருடங்களில் மறுபடி உதிரும்.

வெல்வெட் போன்ற வெலூர்: காற்று புகும், வேர்க்காது. மணிக்கணக்கில் ஆன்லைன் வகுப்பு கேட்பவர்களுக்கு சௌகரியம். ஆனால் காற்றோடு பேஸும் கொஞ்சம் வெளியே போகும். பேச்சு கேட்பவர்களுக்கு இது பிரச்னையில்லை, பாட்டுப் பிரியர்கள் யோசிக்க வேண்டும். தூசியும் முடியும் ஒட்டும்.

ஆட்டுத்தோல்: மிருதுவானது, செயற்கைத் தோலைப் போல உதிராது. விலை அதிகம்.

இரண்டும் கலந்தது: கன்னத்தைத் தொடும் பக்கம் துணி, சுற்றுச்சுவர் தோல். நம் ஊர் வெயிலுக்கு என் ஓட்டு இதற்குத்தான். மூடல் பெருமளவு இருக்கும், வியர்வையும் குறையும்.

உள்ளே ‘மெமரி ஃபோம்’ போட்டது கிடைத்தால் நல்லது. 1966-ல் நாசாவுக்காக, விமான இருக்கைகளை மனதில் வைத்து உருவாக்கிய ஸ்பாஞ்ச் வகை அது. உடம்புச் சூட்டில் இளகி, முகத்தின் மேடு பள்ளத்துக்கேற்பப் படியும். கண்ணாடிக்காரர்களுக்கு ரொம்ப உபயோகம்.

தடிமனான பஞ்சு எப்போதும் நல்லது என்று நினைக்காதீர்கள். ஸ்பீக்கர் காதை விட்டுத் தள்ளிப் போகும், ஒலியின் குணமும் மாறும். சிலருக்கு விசாலமாகக் கேட்கும், சிலருக்குக் குரல் பின்னால் போனது போலத் தோன்றும். பழைய ஒலியே பிடித்திருந்தால் பழைய தடிமனிலேயே வாங்குங்கள். ‘நாய்ஸ் கேன்சலிங்’ ஹெட்போனுக்கு இது இன்னும் முக்கியம். அதன் கணக்கெல்லாம் அசல் பஞ்சின் மூடலை நம்பிப் போடப்பட்டது. அதற்கு அந்த மாடலுக்கென்றே செய்த பேட்தான் சரி. வெலூர் வேண்டாம்.

வாங்குவதும் மாட்டுவதும்

முதலில் மாடல் எண்ணைப் பாருங்கள். பட்டையின் உட்புறத்திலோ, கிண்ணத்தின் உள்ளேயோ பொடி எழுத்தில் இருக்கும். போன் கேமராவில் பெரிதாக்கிப் படிக்கலாம். பெயரில்லாத ஹெட்போன் என்றால் ஸ்கேல் வைத்துக் கிண்ணத்தின் வெளி விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். முட்டை வடிவமென்றால் நீளம், அகலம் இரண்டும் வேண்டும். உங்கள் காது உள்ளே அடங்குமா என்று துளையின் அளவையும் பாருங்கள். கடைக்குப் போனால் ஹெட்போனைக் கையோடு கொண்டுபோவது உத்தமம். விலை சில நூறு ரூபாயில் ஆரம்பித்து, பெரிய மாடல்களின் அசல் தோலுக்கு ஆயிரங்களில் போகும்.

மாட்டும் முறை மூன்று விதம். பெரும்பாலானவற்றில் பேட்டின் பின்னால் பாவாடை மாதிரி ஒரு மடிப்பு இருக்கும், அதைக் கிண்ணத்தின் வரிப்பள்ளத்தில் நுழைக்க வேண்டும். ஒரு முனையைச் செருகிவிட்டு, பழைய ஏ.டி.எம். கார்டின் மூலையால் சுற்றிலும் தள்ளிக்கொண்டே வந்தால் ஐந்து நிமிட வேலை. சிலவற்றில் பிளாஸ்டிக் வளையமும் கொக்கிகளும் இருக்கும், ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். இன்னும் சிலவற்றில் பசை டேப். அதைப் பிய்ப்பதற்கு முன் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டலாம்.

எந்த முறையானாலும் கத்தி, ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். ஸ்பீக்கர் மேல் இருக்கும் மெல்லிய துணி வடிகட்டியையும் பிய்க்காதீர்கள். தூசி, தலைமுடியிலிருந்து ஸ்பீக்கரைக் காப்பது அதுதான். மாட்டி முடித்ததும் அந்த அழுத்திப் பார்க்கும் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் மூடல் சரியாக இருக்கிறது. கையோடு வால்யூமையும் இறக்கிவிடுங்கள், பழைய ஞாபகத்தில் அது உச்சியிலேயே நின்றுகொண்டிருக்கும்.

பிறகு பராமரிப்பு. உபயோகித்த பின் ஈரம் போகக் காய்ந்த மெல்லிய துணியால் ஒரு துடைப்பு. ஸ்பிரிட், சானிடைசர் வேண்டாம், படலம் சீக்கிரம் வெடிக்கும். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் ஹெட்போனுக்கு லீவு. ஒரே ஹெட்போனை மூன்று பேர் பங்கு போடும் வீடென்றால், தெருமுனைத் தையற்காரரிடம் பருத்தித் துணியில் எலாஸ்டிக் வைத்து இரண்டு ஜோடி உறை தைத்து வாங்குங்கள். ஒலி ஒரு துளி மாறலாம், ஆனால் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம். ஒருவர் காதுப் புண் இன்னொருவருக்கு வராது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியைக் குடைந்து பாருங்கள். உரிந்துபோன ஹெட்போன் ஒன்று கட்டாயம் இருக்கும். போனில் இணைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பாடினால், புதுசு வாங்கும் யோசனையைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்கேலைக் கையில் எடுங்கள்.