பட்டா இருந்தால் போதுமா?

“என் பணம் போட்டு வாங்கிய வீடு. வீட்டு வரி கட்டுகிறேன், மின் கட்டணம் கட்டுகிறேன். அங்கே போக நான் ஏன் இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டும்?” 2020-ல் சென்னையில் இருந்த பலர் கேட்ட கேள்வி இது. கோவளம், மாமல்லபுரம், கூவத்தூர் பக்கம் கடலோர வீடு வைத்திருப்பவர்களும் கேட்டார்கள், எங்கள் மதுராந்தகம் சுற்று வட்டாரத்தில் தோட்டம் வாங்கிப் போட்டவர்களும் கேட்டார்கள். சில ஆண்டுகள் ஓடிவிட்டன. கோபம் தணிந்த இந்த நேரத்தில் நிதானமாக யோசித்துப் பார்க்கலாம்.

முதலில் சட்டம். நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், சொத்துரிமை ஒரு காலத்தில் அடிப்படை உரிமையாக இருந்தது. 1978-ல் வந்த 44-வது திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இப்போது இருப்பது 300ஏ பிரிவு. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவருடைய சொத்தைப் பறிக்கக் கூடாது என்று அது சொல்கிறது. நாடு முழுவதும் நடமாடவும், எங்கும் குடியிருக்கவும் 19-வது பிரிவு உரிமை தருகிறது. ஆனால் பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று அதே பிரிவே சொல்கிறது. 1897-ம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டத்தையும், 2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தையும் வைத்துத்தான் ஊரடங்கு வந்தது.

ஆக, யாருடைய வீட்டையும் யாரும் பறிக்கவில்லை. பத்திரம் பீரோவில் இருந்தது, பட்டா அவரவர் பெயரில்தான் இருந்தது. தடுக்கப்பட்டது பயணம்தான். இரண்டும் ஒன்றல்ல.

அமெரிக்காவில் இதே கேள்வி நீதிமன்றத்துக்கே போனது. வட கரோலினாவின் கடலோரத்தில் டேர் கவுண்டி என்ற பகுதி. 2020 மார்ச்சில், அங்கே வீடு இருந்தும் வெளியூரில் வசிப்பவர்களை 45 நாள் உள்ளே விடவில்லை. எங்கள் சொத்தை அரசு எடுத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம், நஷ்ட ஈடு வேண்டும் என்று ஒரு தம்பதி வழக்குப் போட்டார்கள். இல்லை, இது சொத்தை எடுத்துக்கொண்டதாக ஆகாது என்று 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நார்வேயில் இன்னும் நேரடியாகவே சொன்னார்கள். பதிவாகியிருக்கும் ஊரைவிட்டு வேறு ஊரில் உள்ள ஓய்வு வீட்டில் போய்த் தங்கக் கூடாது என்று 2020 மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் 20 வரை தடை. சிறிய ஊர்களின் ஆஸ்பத்திரி தாங்காது என்பதுதான் காரணம்.

அந்தக் காரணம் எங்களுக்கு நன்றாகவே புரியும். இங்கே சாதாரணக் காய்ச்சலுக்கு மதுராந்தகம் அரசு மருத்துவமனை, மூச்சுத் திணறினால் செங்கல்பட்டு. 2021 மே மாதத் தொடக்கத்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரே இரவில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். ஆக்சிஜன் பற்றாக்குறை என்று உறவினர்கள் கதறினார்கள், நிர்வாகம் மறுத்தது. காரணம் எதுவாக இருந்தாலும், அந்த வாரம் இந்த மாவட்டத்தில் ஒரு படுக்கை கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரியும். முதல் ஊரடங்கில் பல கிராமத்து இளைஞர்கள் ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். சட்டப்படி அது சரியல்ல. ஆனால் அந்த முள்ளுக்குப் பின்னால் இருந்தது பொறாமை அல்ல, பயம்.

இதனால்தான், தோட்டக்காரர்கள் சில மாதம் வராமல் இருக்கச் சொன்னது நியாயம் என்கிறேன். வீட்டுக்காரர் வந்து பங்களாவில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்க முடியாது. பால் வேண்டும், காய்கறி வேண்டும், காவலாளி வேண்டும், பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டும். ஆபத்து அவரோடு நிற்காமல் அவர் வீட்டில் வேலை செய்கிறவர் குடிசைக்கும் போகும். வீடு அவருடையது என்றாலும் காற்று ஊருக்குச் சொந்தம்.

ஆனால் கட்டுப்பாடு நியாயம் என்பது வேறு, அதை நடத்திய விதம் நியாயம் என்பது வேறு.

2020 ஜூனில் மண்டலப் பிரிவு வந்தது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் ஒரு மண்டலம், சென்னை தனி மண்டலம். கொஞ்ச நாளில் அதுவும் போய், மாவட்டம் விட்டு மாவட்டம் போகவே இ-பாஸ் என்று ஆனது. கொடுத்த காரணங்கள் என்னென்ன? திருமணம், நெருங்கிய உறவினர் மரணம், மருத்துவச் சிகிச்சை. “என் வீட்டுக்குப் போகிறேன்” என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. பூட்டிய வீட்டில் மோட்டார் ஓடுகிறதா, நெல் அறுவடைக்கு நிற்கிறதா, ஊரில் தனியாக இருக்கும் எண்பது வயது அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டதா, எதற்கும் கட்டம் கிடையாது. உண்மையைச் சொன்னால் பாஸ் இல்லை என்றால், நல்லவனும் பொய் சொல்லக் கற்றுக்கொள்வான். இல்லாத சாவுகளும் நடக்காத கல்யாணங்களும் எத்தனை பதிவாயினவோ. பணம் வாங்கிக்கொண்டு பாஸ் எடுத்துக் கொடுத்த தரகர்கள் கைதான செய்தியும் படித்தோம்.

அடுத்தது, ஆளுக்கொரு நீதி. 2020 ஏப்ரலில் மகாராஷ்டிராவில் வாத்வான் என்ற தொழிலதிபர் குடும்பத்தினர் 23 பேர், மாநில உள்துறை உயர் அதிகாரி ஒருவர் கொடுத்த கடிதத்தைக் காட்டி மகாபலேஷ்வர் பண்ணை வீட்டுக்குப் போனார்கள். பிடிபட்டார்கள், அதிகாரி கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார். ஸ்காட்லாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கேத்தரின் கால்டர்வுட், வீட்டிலேயே இருங்கள் என்று மக்களுக்குச் சொல்லிவிட்டு, தாமே இரண்டு முறை கடலோர வீட்டுக்குப் போனது தெரிந்து பதவி விலகினார். நம் பக்கத்தில் ஜூலையில் ரஜினிகாந்த் கேளம்பாக்கம் பண்ணை வீட்டுக்குப் போனபோதும், இ-பாஸ் எடுத்தாரா என்று ஊரே கேட்டது. அவர் மேல் உள்ள கோபமல்ல அது. சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பப்பட்ட இருசக்கர வாகனக்காரனின் கேள்வி.

மூன்றாவது, எப்போது முடியும் என்று தெரியாதது. மாநிலத்துக்குள் போக வர தனி அனுமதி தேவையில்லை என்று மத்திய அரசு ஜூலைக் கடைசியிலேயே சொல்லியும், இங்கே ஆகஸ்ட் 17-ல்தான் கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் என்று ஆனது. செப்டம்பர் 1 முதல்தான் மாவட்டங்களுக்கிடையே பாஸ் நீங்கியது.

வேறு வழி இருந்ததா? இருந்தது, அதுவும் நம் தாத்தா காலத்திலேயே. பிளேக் நோய் பரவியபோது சென்னை மாகாணத்தில் ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்று ஒன்று கொடுத்தார்கள். நோயுள்ள பகுதியிலிருந்து வருகிறவரை ஒரேயடியாகத் தடுக்காமல் ஊருக்கு அனுப்பிவிட்டு, பத்து நாள் தினமும் உள்ளூர் அதிகாரி முன் வந்து நிற்கச் செய்தார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில் அதிலும் தொல்லைகள் இருந்திருக்கும். யோசனை மட்டும் நல்ல யோசனை.

இன்னொரு தொற்று வந்தால் இப்படிச் செய்யலாம். முதல் சில வாரம் யாருக்கும் விலக்கில்லாத முழுத் தடை, முடியும் தேதியோடு. பிறகு, சொந்த வீட்டுக்குப் போகிறவர் அதையே காரணமாக எழுதட்டும். ஒரு முறை வரலாம், வந்தால் ஊராட்சியில் பெயர் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் வெளியே வராமல் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பும் பழக்கம் மட்டும் கூடாது. வயலும் வயதான பெற்றோரும் உள்ளவர்களுக்குத் தனிக் கட்டம் வேண்டும்.

சொத்து வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வருடத்தில் பத்து நாள் வந்து தங்கும் ஊரில் உங்களுக்கு வீடு இருக்கிறது, சரி. அந்த ஊரின் அரசு மருத்துவமனையில் எத்தனை படுக்கை என்று எப்போதாவது விசாரித்திருக்கிறீர்களா? கிராம சபைக்கு ஒரு முறையாவது எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நல்ல நாளில் ஊரோடு சேர்ந்து இருந்தவனைக் கெட்ட நாளில் ஊர் முள் போட்டு மறிக்காது.